நிழலைத் தூக்கினால்

பறவையின் கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் இருந்தால் போதும், மிச்சத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் மீட்டுவிடலாம் என்பது வால்டரின் கட்சி. பாடாங் செராய் கடைவரிசையில், மருந்துக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே அவருடைய ஸ்டூடியோ இருந்தது. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம், கோயில் திருவிழாவுக்குப் பேனர் எல்லாம் அங்கே உண்டு. அதெல்லாம் வயிற்றுக்கு. மனசுக்குப் பறவை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் காரின் பின்சீட்டில் போட்டுவிட்டு, பாசி நிறச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, முழங்கை நீள லென்ஸோடு ஏதாவது ஒரு காட்டோரத்துக்குப் போய்விடுவார். திங்கட்கிழமை அந்தப் படங்கள் காஞ்சனாவின் கைக்கு வரும்.

காஞ்சனா வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மணப்பெண்கள்தான். முகத்தை வெளுப்பாக்கு, பருவை அழி, பட்டுச்சேலையின் சிவப்பைத் தூக்கு. அந்தக் கைப்பழக்கத்தில், முதன்முதலாக வந்த ஒரு காட்டு ஆந்தையையும் அப்படியே செய்து வைத்தாள். இறகின் சொரசொரப்பெல்லாம் போய், ஆந்தை பால்கோவா மாதிரி வழவழவென்று வந்து நின்றது. வால்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"என்னம்மா இது? ஆந்தை ரிசெப்ஷனுக்குக் கெளம்பிருச்சா?"

அதற்குப் பிறகுதான் கற்றுக்கொண்டாள். இலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் பறவையின் வெள்ளையில் பச்சை ஏறியிருக்கும். அந்த இடத்தைத் தொட்டு, இதுதான் வெள்ளை என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தால் மற்ற நிறங்கள் தாமாகவே தத்தம் இடத்துக்குத் திரும்பும். படம் முழுவதையும் ஒரேயடியாக வெளிச்சமாக்கினால் வானம் வெந்துபோகும். பறவையை மட்டும் தனியாகப் பிரித்து அதன் நிழல்களை மட்டும் தூக்க வேண்டும், அதாவது இருண்ட இடங்களை மட்டும் வெளிச்சமாக்க வேண்டும். நிறத்தைக் கூட்டிக்கொண்டே போகும்போது கை நின்றுவிட வேண்டிய ஓர் இடம் உண்டு. அதைத் தாண்டினால் பறவை பிளாஸ்டிக் ஆகிவிடும். இவற்றோடு அவளாக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம் ஒன்றும் இருந்தது. எந்தப் படமானாலும் முதலில் நிழலை முழுக்கத் தூக்கி, இருட்டுக்குள் என்ன கிடக்கிறது என்று பார்த்துவிடுவாள். பார்த்தபின் இறக்கிவிட்டு வேலையைத் தொடங்குவாள்.

அந்தத் திங்கட்கிழமை வால்டர் கடையின் இரும்புக் கதவைத் தூக்கும்போதே சிரித்துக்கொண்டிருந்தார்.

"கெடச்சிருச்சும்மா! முராய் பத்து. ஆண் குருவி. கெளையில வந்து ஒக்காந்து, மாப்பிள்ள மாதிரி நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்குது. நான் மூச்சே விடலலா."

முராய் பத்து காட்டின் பாட்டுக்காரன். மேலுடம்பு கறுப்பு, அந்தக் கறுப்புக்குள் வெயில் பட்டால் மட்டும் தெரிகிற நீலம். வயிறு சுட்ட செங்கல் நிறம். இடுப்பில் ஒரு வெள்ளைத் திட்டு. உடம்பைவிட நீளமான வால். பாட்டுக்குப் பேர் போனதாலேயே அது காட்டில் குறைந்து கூண்டுகளில் கூடிப்போனது.

"போட்டிக்கு இதத்தான் அனுப்பப்போறேன்," என்றார் வால்டர். "வெள்ளிக்கெழம கடைசி நாளு. வெளிச்சம், கலர் மட்டும் சரி பண்ணலாமாம். எதையும் சேக்கக் கூடாது, எதையும் அழிக்கக் கூடாது. கேமரால வந்த ஒரிஜினலயும் கூடவே அனுப்பணும். முக்கியமா காட்டுக் குருவியா இருக்கணும். வீட்டுல வளத்த குருவின்னா குப்பையில போட்டுருவானுங்க. பாத்துச் செய்ம்மா, இத்தன வருசத்துல இதுதான் எனக்குன்னு வந்த படம்."

மெமரி கார்டை மேசைமேல் வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் வகுப்புப் படம் எடுக்கக் கிளம்பிப் போனார்.

காஞ்சனா படத்தைத் திறந்தாள். நல்ல படம்தான், ஆனால் இருட்டு. கித்தா என்கிற ரப்பர் மரத்தின் இலைகள் வெளிச்சத்தை மேலேயே குடித்துவிட்டிருந்தன. பறவையின் தலையும் முதுகும் கிளையும் ஒரே கறுப்பாகக் கிடந்தன. வழக்கம்போல நிழலை முழுக்கத் தூக்கினாள். கறுப்பு சாம்பலாகி, சாம்பலுக்குள்ளிருந்து இறகுகள் ஒவ்வொன்றாக வந்தன. கிளையின் பாசி வந்தது. ரோஜா நிறத்தில் மெலிந்த இரண்டு கால்கள் வந்தன.

இடது காலில் ஒரு கறுப்புக் கயிறு இருந்தது.

பெரிதாக்கிப் பார்த்தாள். மூன்று முடிச்சு. கயிற்றின் நுனி பிரிந்துபோகாமல் இருக்க நெருப்பில் காட்டி உருட்டப்பட்டிருந்தது. அந்த நுனியை உருட்டியபோது விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான்.

உடனே நிழலைக் கீழே இறக்கினாள். கால்கள் மறைந்தன. பக்கத்துத் தையல் கடையில் மிஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அது புவனேசனின் குருவி.

புவனேசன் அவளுடைய கணவன். கூலிமில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. பாடாங் மேஹாவில், தோட்டம் துண்டு போட்டு விற்ற நிலத்தில் எழும்பிய வீடுகளில் ஒன்று அவர்களுடையது. வேலை முடிந்து வந்தால் தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் கூண்டுக்குத்தான் போவான். "தம்பி, சாப்ட்டியாடா?" என்பான். அதற்குப் புழு, வெட்டுக்கிளி, குளிக்க ஒரு கிண்ணம், பனி படாமல் போர்த்த ஒரு துணி. பாட்டுப் போட்டிக்கு அதைத் தயார்செய்துகொண்டிருந்தான். பக்கத்து வீட்டு அம்மாசி ஒருநாள் வேலிக்கு அந்தப்புறம் நின்று கேட்டுவிட்டு, "இது முராய் பத்தாடா? பாடுறதப் பாத்தா பத்துக்குப் பதினஞ்சு போடலாம் போலருக்கே!" என்றார். மறுநாள் குருவி பாடவில்லை. கண்பட்டுவிட்டது என்று புவனேசன் முனியாண்டி கோயிலில் மந்திரித்த கயிறு வாங்கிவந்து அதன் காலில் கட்டினான்.

அவன் கெட்டவன் இல்லை. இதை அவள் தனக்குத்தானே அடிக்கடி சொல்லிக்கொள்வாள், சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. காலையில் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து ஸ்டூடியோவில் விடுவான், மாலையில் வந்து ஏற்றிப்போவான். அவள் லைசென்ஸ் எடுக்கிறேன் என்றபோது, "ஒனக்கு எதுக்கு? நான் இருக்கேன்ல," என்றான். அவள் தங்கை சாந்தினி பினாங்குக்குக் கூப்பிட்டபோது, "நான் லீவு போட்டுக் கூட்டிட்டுப் போறேன்," என்றான். லீவு கிடைக்கவில்லை. தங்கமான புருஷன் என்று எல்லாரும் சொன்னார்கள். அவளுக்கும் மறுக்கத் தெரியவில்லை.

மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம். அவன் வேலைக்குப் போயிருந்தான், அவளுக்கு லீவு. குருவி மேல்கம்பியிலிருந்து கீழ்க்கம்பிக்கு, கீழ்க்கம்பியிலிருந்து மேல்கம்பிக்கு என்று ஒரே தடத்தில் குதித்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் மாற்றத்தான் அவள் கூண்டைத் திறந்தாள். குருவி வாசலில் வந்து உட்கார்ந்தது. அவள் கையால் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை, அவ்வளவுதான். அது துணிக்கொடிக்குப் போனது, ரம்புத்தான் மரத்துக்குப் போனது, பிறகு இல்லை. அவள் தண்ணீரை மாற்றி வைத்து, கூண்டின் கதவைச் சாத்திக் கொக்கியைப் போட்டாள். வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கும் பெண்ணின் கை. அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்தது.

குளித்துவிட்டு வந்து பார்த்தேன், காணோம் என்று அவனிடம் சொன்னாள்.

"கொக்கி போட்ட கூண்டுலேர்ந்து எப்படிடி போவும்? போறப்ப கதவச் சாத்திட்டா போச்சு?" என்றான் புவனேசன். பிறகு வேலிக்கு அந்தப்புறம் பார்த்தான்.

நான் எடுக்கவில்லை என்று அம்மாசி எவ்வளவோ சொன்னார். கடைசியில், "வாடா கோயிலுக்கு. சூடம் அணைக்கிறேன்," என்று இழுத்துக்கொண்டு போய், முனியாண்டி முன்னால் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். கை பொத்துப்போனது. "சூடம் அணைக்கிறவன் எல்லாம் யோக்கியனா?" என்று புவனேசன் திரும்பி வந்துவிட்டான். காஞ்சனா பக்கத்தில்தான் நின்றாள். அங்கே வாய் திறக்காதவள் அப்புறம் எங்கே திறப்பது?

அந்த வாரமே வாசலில் கேமரா வைத்தான். கேட் அசைந்தால் அவன் கைப்பேசியில் மணி அடிக்கும். திருடனுக்காக வைத்ததுதான். ஆனால் திருடன் வரவில்லை. கேட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். "மத்தியானம் வெளிய போனியா?" "குப்ப போட." "ரொம்ப நேரம் ஆச்சே?" அவன் கோபமாகக் கேட்பதில்லை. சும்மாதான் கேட்பான்.

இப்போது அந்தக் குருவி உயிரோடு, திரையில், இருட்டுக்குள் நின்றுகொண்டிருந்தது.

அவள் யோசித்துப் பார்த்தாள். கயிற்றை அழிப்பது அவளுக்கு ஒரு நிமிஷ வேலை. ஆனால் ஒரிஜினலும் கூடப்போகிறது. அழித்தது தெரிந்தால் வால்டரின் பெயர் கெடும். வெளிச்சத்தைத் தூக்கினால் கயிறு தெரியும். காட்டுக் குருவிக்கு யார் கயிறு கட்டுவார்கள்? வால்டரின் படம் அத்தோடு முடிந்தது. முடிந்தாலும் அவர் சும்மா இருக்க மாட்டார். வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டிச் சிரிப்பார். அந்தக் கதை பாடாங் மேஹாவுக்கு வந்து சேரும். புவனேசன் கூண்டைத் தூக்கிக்கொண்டு கிளம்புவான். அந்தக் குருவி கூப்பிட்டால் வந்துவிடும். மனிதக் கைக்குப் பழகின குருவி.

அழிக்க முடியாது, காட்டவும் முடியாது. இருட்டில் விடுவது ஒன்றுதான் மிச்சம்.

அவள் அந்தப் படத்தின்மேல் தன் வேலை அனைத்தையும் கொட்டினாள், வயிற்றுக்கு மேலே மட்டும். இடுப்பு வெள்ளையிலிருந்து பச்சையை எடுத்தாள். தலையின் கறுப்புக்குள் ஒளிந்திருந்த நீலத்தை மெல்ல, தோட்டத்து விடியல்போல, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே அழைத்தாள். செங்கல் நிறத்தின் சூட்டைத் தணித்து, வெளிச்சத்தை மட்டும் சற்று ஏற்றினாள். கண்ணில் அந்தப் பொட்டு மின்னியது. பார்க்கிறவனின் கண் அங்கேயே போய் உட்கார வேண்டும், கீழே இறங்கவே கூடாது என்று செய்தாள். வயிற்றுக்குக் கீழே கையே வைக்கவில்லை.

வால்டர் செவ்வாய்க்கிழமை பார்த்தார். வாயைப் பிளந்தார். பிறகு தலையைச் சாய்த்தார்.

"மேல தேவலோகம் மாதிரி இருக்கும்மா. கீழ ஏன் கரிச்சட்டி? கால் எங்க? குருவி அந்தரத்துல நிக்குது."

"நிழல ரொம்பத் தூக்குனா மணல் மணலா வரும் அங்கிள். ஜட்ஜுங்களுக்கு அது புடிக்காது."

"கொஞ்சம் தூக்கேன்."

"பாக்குறேன் அங்கிள்."

புதன்கிழமையும் "பாக்குறேன் அங்கிள்" என்றாள். அவர் பின்னால் வந்து நிற்கும்போதெல்லாம் ஒரு கோயில் பேனரைத் திறந்துகொண்டாள். வீட்டில் புவனேசன், "ஒன் மூஞ்சி ஏன் ஒருமாதிரி இருக்கு?" என்றான். தலைவலி என்றாள். அவன் தைலம் எடுத்துவந்து நெற்றியில் தேய்த்துவிட்டான். அந்தக் கைக்குக் கீழே அசையாமல் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. எப்போதும் வெளியே மோட்டாரிலேயே காத்திருக்கும் புவனேசன், ஹெல்மெட்டோடு உள்ளே ஓடிவந்தான்.

"வா தம்பி, சரியான நேரத்துக்கு வந்த," என்றார் வால்டர். "ஒன் பொண்டாட்டி செஞ்சிருக்கிற அநியாயத்த நீயே வந்து பாரு. ராஜா மாதிரி குருவிய புடிச்சிட்டு வந்து குடுத்தா, பாதிய சுட்டுக் கருக்கி வச்சிருக்கு."

"குருவியா? என்னா குருவி அங்கிள்?"

"முராய் பத்துலா."

அவன் ஹெல்மெட்டைக் கழற்றியபடியே மேசைக்குப் பக்கத்தில் வந்தான். காஞ்சனா எழுந்திருக்கவில்லை. எழுந்தால் நாற்காலி காலியாகும்.

"நகரும்மா, நானே பாத்துக்கிறேன்," என்றார் வால்டர்.

"வேணாம் அங்கிள். கெட்டுப்போவும்."

"கெட்டா திருப்பிக்கலாம். நீதானே சொல்லுவ?" அவர் நின்றபடியே அவள் தோளுக்கு மேலே குனிந்து மௌஸைப் பிடித்தார். நிழலுக்கான கோட்டிலிருந்த குமிழைப் பிடித்து வலப்பக்கமாக இழுத்தார். அவருக்கு நிதானமாக இழுக்க வராது. ஒரே இழுப்பில் கடைசிவரை போனார்.

பாசி வந்தது. கிளை வந்தது. கால்கள் வந்தன.

"இது என்னம்மா காலுல? நாரா?" வால்டர் பெரிதாக்கினார். "கயிறு. யாருடா குருவிக்குப் போய்க் கயிறு கட்…"

அவர் முடிக்கவில்லை. மழைச் சத்தம் உள்ளே வந்தது.

"தம்பி," என்றான் புவனேசன். வால்டரை அல்ல. திரையைத் தொட்டான், ஈர விரல் அதன்மேல் கோடு போட்டது. "இது என் தம்பி, அங்கிள். நான் கட்டுன கயிறு. நான் போட்ட முடிச்சு. செத்துட்டான்னு நெனச்சேன். யாரோ வித்துட்டான்னு நெனச்சேன்." அவன் அவள் பக்கம் திரும்பினான். "காஞ்சனா, பாருடி. உயிரோட இருக்கான்டி."

அவன் அழுதான். வளர்ந்த மனிதன், ஒரு கையில் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு, கடைக்குள் நின்று அழுதான். காஞ்சனாவுக்கும் கண் நிறைந்தது. அவன் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு அவள் தலையைத் தடவினான்.

வால்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப இது காட்டுக் குருவி இல்ல," என்று தனக்குத்தானே சொன்னார். கொஞ்ச நேரம் தன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க எடுத்தீங்க அங்கிள்?"

பறவைப் படம் எடுத்த இடத்தை வால்டர் யாரிடமும் சொல்வதில்லை. கூட லென்ஸ் தூக்கும் கூட்டாளிகளிடம்கூடச் சொல்ல மாட்டார். சொன்னால் மறுவாரம் வலை கட்டிவிடுவார்கள் என்பார். காஞ்சனா அதை நம்பி அவர் முகத்தையே பார்த்தாள்.

ஆனால் அழுகிறவனிடம் எப்படி மறைப்பது? அவனுடைய பொருள் அவனுக்கு.

"கரங்கான் போற வழியிலதான்," என்றார். "பால் வெட்டாம விட்டுட்ட பழைய கித்தாக் காடு இருக்குல்ல, செம்பனை முடியிற எடத்துல, சின்ன ஆறு. அங்கதான் சுத்திக்கிட்டு இருக்கு. போ தம்பி, போய்க் கூட்டிக்க."

வெள்ளிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. புவனேசன் வேலைக்கு லீவு சொன்னான். ஸ்டூடியோவுக்கும் அவனே போன் போட்டு, அவளுக்கும் லீவு கேட்டான். "நீதான் தெனமும் குருவியப் பெருசாக்கிப் பாத்துப் பழகுனவ. ஒன் கண்ணுக்குத்தான் சட்டுனு தெரியும்," என்றான். கூண்டைக் கழுவித் துடைத்து, துணி போர்த்தி, பின்னால் உட்கார்ந்த அவள் மடியில் வைத்தான். கூண்டு அவளுக்கும் அவன் முதுகுக்கும் நடுவே அடைத்துக்கொண்டு நின்றது. கைகள் இரண்டும் அதைப் பிடித்திருந்தன. மோட்டார் குதித்தபோதெல்லாம் கம்பி நெஞ்சில் இடித்தது.

எண்ணெய்க்காக நட்ட செம்பனை மரங்கள் இருபுறமும் ஒரே அளவாக வந்துகொண்டே இருந்தன. வரிசை எங்கே பிளந்தாலும் உள்ளே இன்னொரு வரிசை. எங்கேயாவது டயர் பஞ்சர் ஆகாதா என்று நினைத்தாள். ஆகவில்லை.

பழைய கித்தாக் காட்டில் மோட்டாரை நிறுத்தினான். ஆறு கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. கூண்டைத் தாழ்ந்த கிளையில் மாட்டி, வாசலைத் திறந்துவைத்து, உள்ளே உயிருள்ள வெட்டுக்கிளிகளைப் போட்டான். பிறகு உதட்டைக் குவித்து விசிலடித்தான். வேலையிலிருந்து வரும்போது அடிக்கிற அதே விசில், ஏறி, நின்று, இறங்குகிற விசில்.

ஒன்றும் வரவில்லை. மறுபடி அடித்தான். காஞ்சனா மூச்சைப் பிடித்துக்கொண்டு, வராதே என்று உள்ளுக்குள் சொன்னாள்.

ஆற்றுக்கு அந்தப்புறத்திலிருந்து பாட்டு வந்தது.

வீட்டுக் கூண்டில் பாடிய பாட்டேதான். ஆனால் முன்பு அதற்குத் தகரக் கூரையில் பட்டுத் திரும்புகிற ஓர் ஓசை இருந்தது. இப்போது அது எதிலும் படவில்லை, போய்க்கொண்டே இருந்தது. புவனேசன் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தான். கல்யாணத்தன்று சிரித்த சிரிப்பு.

குருவி வந்தது. கிளை கிளையாக இறங்கி, வாலைத் தூக்கித் தூக்கி, கூண்டுக்கு எதிர்மரத்தில் வந்து உட்கார்ந்தது. வெயில் ஒரு துண்டு அதன் தலையில் விழுந்தது. அவள் மூன்று நாள் பாடுபட்டு வரவழைத்த நீலம் அங்கே தன்னால் இருந்தது. அவள் செய்த நீலம் சற்று அதிகம் என்று தெரிந்தது. காலில் கயிறு, நைந்து, ஒரு நூல் பிரிந்து தொங்கியது.

"பாத்தியா அந்த நூல?" என்றான் புவனேசன் கிசுகிசுப்பாக. "முள்ளுல மாட்டுச்சுன்னா தலகீழாத் தொங்கிச் செத்துரும்."

அது உண்மைதான். அவள் கூண்டைப் பார்த்தாள், நூலைப் பார்த்தாள்.

"புடிச்சா," என்று மெல்லக் கேட்டாள், "கயித்த அறுத்துட்டு விட்டுருவீங்களா?"

அவன் சத்தம் வராமல் சிரித்தான். "விடுறதுக்கா புடிக்கிறாங்க? பைத்தியமாடி நீ?"

குருவி கூண்டின் மேல் வந்து அமர்ந்தது. தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தது. வெட்டுக்கிளி ஒன்று துள்ளியது. குருவி வாசல் கம்பிக்கு இறங்கியது. புவனேசனின் கை மிகப் பதமாக, தூங்குகிற குழந்தைக்குப் போர்வை இழுப்பதுபோல, கதவை நோக்கி நீண்டது.

காஞ்சனா கைதட்டினாள்.

ஒரு தடவை தட்டியதும் குருவி துள்ளிக் கிளைக்குப் போனது. அவள் நிறுத்தவில்லை. தட்டிக்கொண்டே முன்னால் ஓடினாள். "போ! போ! ச்சூ! போ!" குரல் அவளுடையதுபோலவே இல்லை. செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக் கழன்றது. குருவி ஆற்றைத் தாண்டியது, இடுப்பின் வெள்ளை ஒருமுறை மின்னியது, பிறகு இலைகள் மட்டும் ஆடின.

அவள் தட்டிய கைகள் எரிந்தன. திரும்பினாள்.

புவனேசன் நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. அவன் முகத்தில் முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு, நிழலை மெல்லத் தூக்கும்போது இருட்டுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகத் தெரிவதுபோல, அவன் கண்ணில் ஒவ்வொன்றாக வந்தது.

"அன்னிக்கு," என்றான். "கொக்கி போட்டிருந்துச்சே."

"நான்தான் போட்டேன்."

"நீதான் தொறந்து விட்டியா?"

"ஆமா."

"அம்மாசிண்ணன் சூடம் அணைச்சப்ப எம் பக்கத்துலதானே நின்ன?"

"ஆமா."

அவன் அடிப்பான் என்று அவள் நினைத்தாள். இதுவரை அடித்ததில்லை. அவன் கூண்டின் வாசலைச் சாத்தினான். உள்ளே வெட்டுக்கிளிகள் கம்பியில் முட்டிக்கொண்டிருந்தன. ஒரு கணம் யோசித்து மறுபடி திறந்து, அவற்றைப் புல்லில் கொட்டினான்.

"ஒனக்கு நான் என்னாடி கொற வச்சேன்?"

அவள் பதில் தேடினாள். குறை என்று எடுத்துக் காட்ட ஒன்றும் கைக்கு அகப்படவில்லை. தைலம் தேய்த்த கை. மழையில் நனைந்து வந்து காத்திருக்கும் மோட்டார். "ஒரு கொறையும் இல்லங்க," என்றாள். "அதுக்கும் ஒரு கொறையும் இல்ல."

அவன் மோட்டாரைக் கிளப்பினான். ஏறி உட்கார்ந்து, கூண்டை அவள் பக்கம் நீட்டினான்.

"புடி. ஏறு."

அவள் கூண்டைப் பார்த்தாள். கைகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. அவற்றைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"காஞ்சனா. புடி."

அவள் சேற்றிலிருந்து செருப்பைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

அவன் கூண்டைக் கைப்பிடியில் மாட்டிப் பார்த்தான். திருப்ப வரவில்லை, கூண்டு முட்டியது. பின்சீட்டில் வைத்தால் விழுந்தது. கட்டக் கயிறு இல்லை. தூக்கி ஆற்றில் எறிந்திருக்கலாம். அதற்கும் மனம் வரவில்லைபோலும். கடைசியில் இன்ஜினை அணைத்து, கூண்டைச் சீட்டின்மேல் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

அங்கிருந்து வெளியே போக ஒரே பாதைதான். அது பாடாங் மேஹாவுக்குத்தான் போகிறது. கேட்டைத் திறந்தால் மணி அடிக்கும், அடிக்கட்டும். அதற்கு முன்னால் அம்மாசி அண்ணன் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். பொத்துப்போய்த் தழும்பான கையோடு அவர் வந்து நிற்பார், என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு என்ன என்பதும் தெரியவில்லை. இருபுறமும் செம்பனை வரிசைகள் தொடங்கின. அவள் முன்னால் நடந்தாள். பின்னால் ஈரச் செம்மண்ணில் மோட்டார் சக்கரம் உரசும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அது நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை.